போக்கும் வரத்தும்: ஜீயபுரத்திலிருந்து நோக்கும் திருச்சிராப்பள்ளிப் போக்குவரத்துத் திட்டமிடல் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளியின் போக்குவரத்து வரலாற்றை மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து எழுதுவது எளிது. இக்கட்டுரை அதனை நகரின் மேற்கு விளிம்பிலுள்ள ஜீயபுரத்திலிருந்து எழுத முயல்கிறது. மேலணை, இருப்புப்பாதை, கரூர்ப் பெருஞ்சாலை, துவாக்குடியிலிருந்து ஜீயபுரம் வரை திட்டமிடப்பட்ட அரைவட்டச் சுற்றுச்சாலை ஆகியவற்றை வரிசையாக நோக்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உருவான நகர்ப் போக்குவரத்து ஆய்வுமுறை ஊர்திகளை எண்ணக் கற்றுத் தந்தது. நீரின் இயக்கத்தை எண்ணும் வழி அதனிடம் இல்லை. அவ்விடைவெளியே சுற்றுச்சாலைச் சிக்கலின் வேர் என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஜீயபுரம், திருவரங்கம், மேலணை, உய்யக்கொண்டான் வாய்க்கால், அரைவட்டச் சுற்றுச்சாலை, நகர்ப் போக்குவரத்து ஆய்வு, பாசனக் குளங்கள்

முன்னுரை

‘போக்குவரத்து’ என்னும் சொல்லை இன்று கேட்பவர் நினைவுக்கு வருவன பேருந்தும் நெரிசலும் அரசுக் கழகத்தின் பெயர்ப்பலகையும் ஆகும். சொல்லின் இரு உறுப்புகளையும் பிரித்துப் பார்த்தால் அவை காவிரிக் கரை உழவரின் நாவில் வேறொரு வாழ்க்கை வாழ்வதைக் காணலாம். குளத்துக்கு நீர் கொண்டுவருவது வரத்து வாய்க்கால். மிகுந்த நீரை வெளியேற்றுவது நீர்போக்கி. மேட்டூர் அணையின் அன்றாட நிலவரம் ‘நீர்வரத்து’ என்ற சொல்லோடுதான் செய்தித்தாளில் தொடங்குகிறது. பக்தி இலக்கியத்தில் போக்கும் வரவும் இறப்பையும் பிறப்பையும் குறித்து நிற்பது தனியே ஆராயத்தக்கது. இங்கு அதற்கு இடமில்லை. மாந்தரும் பண்டமும் செல்வதற்கும் நீர் செல்வதற்கும் ஒரே சொற்களைக் கையாண்ட மொழியில், முன்னதற்கு மட்டுமே உரியதாக ஒரு துறை எப்போது, எவ்வாறு உருவாயிற்று? இவ்வினாவுக்கு விடை தேட ஜீயபுரம் பொருத்தமான இடமாகும். அங்கு இவ்விரு இயக்கங்களும் ஒன்றையொன்று உரசியபடியே செல்கின்றன.

ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இடையில்

ஜீயபுரம் திருவரங்கம் வட்டத்தைச் சேர்ந்தது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே பதினைந்து கிலோமீட்டருக்குள், காவிரியின் தென்கரையில் அமைந்தது. இவ்வூருக்குச் சிறிது மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே ஒதுங்குவது கொள்ளிடம். தெற்கே தொடர்வது காவிரி. இடையே கிடக்கும் தீவே திருவரங்கம். தெற்குப் பக்கத்தில், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஆற்றுக்கு ஏறத்தாழ இணையாகக் கிழக்கு நோக்கி வந்து நகருக்குள் நுழைகிறது. முதலாம் இராசராசனின் விருதுப்பெயரைத் தாங்கிய இவ்வாய்க்கால் இன்றும் பாசனத்தில் உள்ளது.

ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பட்டையில் கரூர்ப் பெருஞ்சாலை, ஈரோடு செல்லும் இருப்புப்பாதை, வாழைத் தோட்டம், குடியிருப்பு ஆகிய அனைத்தும் இடம்பிடித்துள்ளன. சாலையின் ஒரு பக்கம் ஆற்றங்கரை. மறுபக்கம் தண்டவாளம் அல்லது வயல். முன்னர் 67 என்றும், 2010ஆம் ஆண்டின் எண் மாற்றத்துக்குப் பின் 81 என்றும் குறிக்கப்படும் இத்தேசிய நெடுஞ்சாலையை இப்பகுதியில் அகலப்படுத்துவது ஏன் அரிதாயிற்று என்பதை வரைபடத்தை ஒருமுறை நோக்கினாலே உணரலாம். திட்ட அறிக்கைகள் ‘நில எடுப்புச் சிக்கல்’ என்று கூறும் தொடருக்குள் ஒரு புவியியல் உண்மை அடங்கியுள்ளது: இங்கு நிலமே குறைவு.

முக்கொம்பில் உள்ள மேலணை 1836இல் ஆர்தர் காட்டன் மேற்பார்வையில் கட்டிமுடிக்கப்பட்டது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வாக இருந்தமையால் நீர் அதனுள் மிகுதியாகச் சென்று, தஞ்சைப் பாசனத்துக்குரிய காவிரி மணல் மேடிட்டு வந்தது. கொள்ளிடத் தலைப்பில் தடுப்பணை எழுப்பியது இக்குறையைத் தீர்ப்பதற்காகவே. காட்டனைப் பாசனப் பொறியாளராகவே தமிழுலகம் அறியும். அவரே அக்காலத்தின் மிகப் பிடிவாதமான போக்குவரத்துச் சிந்தனையாளர்களுள் ஒருவர் என்பது பலராலும் கவனிக்கப்படாத செய்தி. இந்தியாவுக்கு இருப்புப்பாதையைவிடக் கப்பலோடும் கால்வாய்களே ஏற்றவை. அவை பாசனமும் தரும், பண்டத்தையும் குறைந்த செலவில் கொண்டு செல்லும் என்று அவர் 1850கள் தொட்டு வாதிட்டார். 1878இல் இந்தியப் பொதுப்பணிகள் குறித்து அமைந்த பிரித்தானிய நாடாளுமன்றத் தேர்வுக் குழுவின் முன்னும் அதே நிலையில் நின்றார். அவ்வாதம் தோற்றது. அதன் சரி பிழை இங்கு ஆய்வுப் பொருளன்று. நீரின் வழியையும் மாந்தரின் வழியையும் ஒரே கணக்கேட்டில் எழுத முயன்ற இறுதிப் பெரும் முயற்சி அது என்பதும், அதனைச் செய்தவர் ஜீயபுரத்துக்கு அருகிலுள்ள அணையைக் கட்டியவர் என்பதும் குறிக்கத்தக்கன.

ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கும் வழி

ஜீயபுரம் நோக்கிய மிகப் பழைய திட்டமிட்ட பயணம் எதுவெனின், திருவரங்கத்து நம்பெருமாளின் பயணத்தையே கூற வேண்டும். பங்குனிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாளில் உற்சவர் திருவரங்கத்திலிருந்து பல்லக்கில் புறப்பட்டு, காவிரியைக் கடந்து, வழிநடை உபயங்களைக் கண்டருளி, ஜீயபுரத்து ஆஸ்தான மண்டபத்தை அடைகிறார். இவ்வூரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் பேரனான ரங்கன் ஆற்று வெள்ளத்தில் அகப்பட, அரங்கனே அப்பேரனின் உருவில் வந்து பழைய சோறும் மாவடுவும் உண்டான் என்பது இவ்விழாவின் பின்னுள்ள வழக்காறு.

வரலாற்று மாணவருக்கு இக்கதையில் இரு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, இது ஆறு ஆளைக் கொண்டுபோகும் கதை. கரையில் வாழ்ந்தோர்க்கு ஆற்றில் இறங்குவது உயிரைப் பணயம் வைப்பதாக இருந்த காலத்தின் நினைவு அதில் தங்கியுள்ளது. இரண்டாவது, பங்குனி காவிரியில் நீர் குறைந்து மணல் வெளிப்படும் பருவம். 1934இல் மேட்டூர் அணை முடிந்த பின்னர் ஜனவரி 28இல் நீர் நிறுத்தி ஜூன் 12இல் திறப்பது மரபாயிற்று. அதனாலும் ஆற்றுமணலே அம்மாதத்தில் சாலையாகிறது. ஆற்றின் நாட்காட்டியை அறிந்து அதற்கேற்பப் பயணத்தை வகுப்பது என்னும் முறை, திட்டமிடல் என்ற சொல் வழங்காத காலத்திலும் நிலவியது. வழிநடை உபயம் என்பதும் வெறும் வழிபாட்டு நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளத்தக்கதன்று. வழியில் நிற்குமிடம், நிழல், நீர், உணவு, அவற்றுக்குப் பொறுப்பேற்கும் குடும்பம் அல்லது ஊர் ஆகியவற்றை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் ஏற்பாடு அது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சியிலிருந்து ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சாலைகளும் சத்திரங்களும் இதே கருத்தின் அரச வடிவங்கள் எனலாம். இன்றைய சத்திரம் பேருந்து நிலையத்தின் பெயரிலும் அக்கருத்தின் எச்சம் ஒட்டிக்கொண்டுள்ளது.

அகழி சாலையானதும் இருப்புப்பாதை வந்ததும்

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா இருப்புப்பாதை நிறுவனத்தின் பாதை நாகப்பட்டினத்திலிருந்து தொடங்கி 1861இல் தஞ்சாவூரையும் 1862இல் திருச்சிராப்பள்ளியையும் எட்டியது. பின்னர் ஆற்றை ஒட்டி மேற்கே நீண்டு, கரூர் வழியாக 1868 அளவில் ஈரோட்டை அடைந்தது. முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெருகமணி, குளித்தலை என ஆற்றங்கரை ஊர்கள் நிலையங்களாயின. 1870களில் இந்நிறுவனம் கர்நாடிக் நிறுவனத்தோடு இணைந்து தென்னிந்திய இருப்புப்பாதையாயிற்று. அதன் பணிமனை 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தபோது, நகரின் ஈர்ப்புமையம் காவிரிக் கரையிலிருந்து தெற்கே நகர்ந்தது.

இதே காலத்தில் நகரின் நடுவில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளி 1866 நவம்பரில் நகராட்சியாயிற்று. கோட்டை மதில்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அகழி கிடந்த இடத்தில் மேற்கிலும் கிழக்கிலும் அகன்ற சாலைகள் போடப்பட்டன. பிரெஞ்சு மொழியின் ‘புல்வார்’ ஆங்கிலத்தின் வழியே திருச்சிக்கு வந்து மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு என நின்றது. அப்பிரெஞ்சுச் சொல்லும் முதலில் கோட்டை அரணையே குறித்தது என்பதை நினைத்தால், பொருளறியாமல் வைத்த பெயரும் தன் இடத்தை அறிந்தே வந்தமர்ந்தது போலத் தோன்றும். இங்குக் கருதத்தக்கது வேறு: நீர் நின்ற இடத்தைச் சாலையாக்குவது நகரை வளர்க்கும் முறை என்னும் பாடம் அப்போதே பதிந்துவிட்டது. அதனால் பயன் விளைந்ததும் உண்மை. அப்புலிவார்டுகள் இல்லையெனில் இன்றைய கடைவீதிகளில் ஊர்திகள் சுற்றிச் செல்லவும் வழியிராது.

பாலங்கள் வேறொரு செய்தியைச் சொல்கின்றன. கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம், 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, 1928இல் கட்டப்பட்டது. சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. இவற்றின் முக்கியத்துவம் அவை தடைப்பட்ட நாட்களிலேயே தெரிந்தது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் பெருகிய நீர் பழைய இரும்புப் பாலத்தின் தூண்களைச் சாய்த்தது. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 22 இரவு, மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. பாலத்தின் மீது அப்போது போக்குவரத்து இல்லை. 2016இல் திறந்த புதிய பாலம் அருகிலேயே இருந்தது. காவிரிப் பாலமோ பழுதுபார்ப்புக்காக 2022இன் பிற்பகுதியில் மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, திருவரங்கத்துக்கும் நகருக்கும் இடைப்பட்ட சிறு தொலைவு சென்னைப் புறவழிச் சாலையைச் சுற்றிவரும் பயணமாயிற்று.

எண்ணும் கலை

நகர்ப் போக்குவரத்து பல்கலைக்கழகத் துறையாக உருவெடுத்த வரலாறு குறுகியது. 1954இல் ராபர்ட் மிச்செல், செஸ்டர் ராப்கின் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல், நகரின் ஊர்தி இயக்கம் நிலப் பயன்பாட்டின் விளைவு என்று நிறுவியது. வீடு எங்கே, வேலை எங்கே, கடை எங்கே என்பதை அறிந்தால் எவ்வளவு பயணம் எழும் என்பதை முன்கூட்டிக் கணக்கிடலாம் என்னும் நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. 1955இல் தொடங்கிய சிகாகோ வட்டாரப் போக்குவரத்து ஆய்வு அந்நம்பிக்கையைப் பெரிய அளவில் செயற்படுத்தியது. நான்கு படிகள் நிலைபெற்றன. ஒவ்வொரு மண்டலத்திலும் எழும் பயணங்களை மதிப்பிடுதல் முதற்படி. அவை எந்த மண்டலத்துக்குச் செல்கின்றன எனப் பகிர்தல் அடுத்தது. எவ்வகை ஊர்தியில் செல்கின்றன எனப் பிரித்தலும், எந்தச் சாலையில் செல்கின்றன என ஒதுக்குதலும் எஞ்சியவை. 1963இல் காலின் புக்கானன் தலைமையில் பிரித்தானியாவில் வெளிவந்த அறிக்கை, ஊர்திகள் பெருகுவதற்கு நகரம் எந்த அளவு இடமளிக்கலாம் என்னும் வினாவை எழுப்பி இம்முறைக்கு ஓர் எல்லை காட்ட முயன்றது.

இந்தியாவில் சாலைப் பொறியியலுக்கான அமைப்புகள் முன்னரே உருவாகியிருந்தன. ஜெயகர் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து இந்தியச் சாலைப் பேராயம் 1934இல் அமைந்தது. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் 1952இல் வந்தது. கல்கத்தாவிலும் சென்னையிலும் 1960களில் பெருநகர் அளவிலான ஆய்வுகள் தொடங்கின. தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறியது. 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, ஊர்திகளை நகர்த்துவதைவிட மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று அறிவித்தது. அதன் பின்னர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உள்ளிட்ட நான்கு நிறுவனங்களில் நகர்ப் போக்குவரத்துக்கான சிறப்பு மையங்கள் ஏற்பட்டன. திருச்சியில் 1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான நிறுவனத்திலும் போக்குவரத்துப் பொறியியல் முதுநிலைப் படிப்பாக உள்ளது.

இம்முறையின் வலிமையை மறுப்பதற்கில்லை. அது வருமுன் சாலை எங்கே போடுவது என்பதை ஆட்சியரின் ஊகமும் செல்வரின் செல்வாக்கும் முடிவுசெய்தன. கணக்கெடுப்பு வாதிடத்தக்க ஒரு சான்றை நடுவில் வைத்தது. ஆயினும் அளவுகோல் எதனை அளக்கிறது என்று கேட்பது வரலாற்று ஆய்வின் கடமை. 1990இல் வெளிவந்த ஊர்ப்புறச் சாலைகளுக்கான சாலைப் பேராய நெறிமுறை ஒவ்வோர் ஊர்தியையும் ‘பயணியர் கார் அலகு’ என்னும் பொது அளவாக மாற்றுகிறது. கார் 1, மிதிவண்டி 0.5, பேருந்து 3, மாட்டு வண்டி 8. இவ்வெண்கள் சாலையில் ஓர் ஊர்தி ஏனைய ஊர்திகளுக்கு ஏற்படுத்தும் தடையின் அளவுகள். ஐம்பது பேரை ஏற்றிய பேருந்து மூன்று கார்களாகவும், வாழைத்தார் ஏற்றி ஊர்ந்து வரும் மாட்டு வண்டி எட்டுக் கார்களாகவும் ஏட்டில் பதியும். நெறிமுறையை வகுத்தோர் அறியாமையால் இவ்வாறு செய்யவில்லை. சாலையின் கொள்ளளவு என்னும் வினாவுக்கு அதுவே உரிய விடை. ஆனால் அவ்வினாவைத் தவிர வேறு வினாவே எழாத நிலை வரும்போது, பேருந்தும் வண்டியும் நெரிசலின் காரணங்களாகவே தோன்றத் தொடங்குகின்றன.

ஆறு இம்முறையில் எங்கே வருகிறது? வருகிறது, ஒரு கோடாக. ஆய்வுப் பகுதியை வெட்டிச் செல்லும் திரைக்கோடு ஒன்றை வரைந்து, அதனைக் கடக்கும் ஊர்திகளை எண்ணிக் கணிப்பைச் சரிபார்ப்பது வழக்கம். கடக்கும் இடங்கள் குறைவாக இருப்பின் எண்ணுவது எளிது. ஆகவே ஆறும் இருப்புப்பாதையும் திரைக்கோடுகளுக்கு மிகப் பொருத்தமானவை. திருச்சியின் காவிரி அத்தகைய கோடாவதற்கு எல்லாத் தகுதிகளும் உடையது. நீர் இன்னுமோர் இடத்தில் வருகிறது: சாலைத் திட்ட அறிக்கையில் ‘குறுக்கு வடிகால் பணிகள்’ என்னும் தலைப்பில். ஆயிரம் ஆண்டு பழமையான வாய்க்கால் நேற்றுப் போட்ட சாலைக்குக் குறுக்கே செல்வதாக அத்தலைப்பு கருதுகிறது. யார் யாருக்குக் குறுக்கே வந்தார் என்பதில் உழவரின் வழக்கு நேர்மாறானது.

அரைவட்டச் சுற்றுச்சாலை

திருச்சி பல நெடுஞ்சாலைகள் கூடும் நகரம். சென்னை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை, திண்டுக்கல், கரூர் ஆகிய திசைகளிலிருந்து வரும் சாலைகள் இங்கு சந்திக்கின்றன. சரக்குந்துகள் நகருக்குள் நுழையாமல் ஒரு நெடுஞ்சாலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லத் தென்பகுதியில் அரைவட்டமாக ஒரு சாலை வேண்டும் என்னும் எண்ணம் நியாயமானதே. தஞ்சைச் சாலையில் துவாக்குடிக்கு அருகே அசூரில் தொடங்கி, புதுக்கோட்டைச் சாலையில் மாத்தூர், மதுரைச் சாலையில் பஞ்சப்பூர் ஆகியவற்றைத் தொட்டு, திண்டுக்கல் சாலையைக் கடந்து, கரூர்ச் சாலையில் ஜீயபுரத்தை அடுத்த திண்டுக்கரையில் முடியுமாறு அது வகுக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அசூரிலிருந்து பஞ்சப்பூர் வரையிலான கிழக்குப் பகுதி சுமார் 26 கிலோமீட்டர். பஞ்சப்பூரிலிருந்து ஜீயபுரம் வரையிலான மேற்குப் பகுதி சுமார் 17 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறுப்பில் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் பணி தொடங்கியது. விரைவிலேயே நின்றது.

காரணம் குளங்கள். திருச்சிக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள நிலம் மேட்டிலிருந்து காவிரியை நோக்கிச் சரிவது. கோரையாறும் அரியாறும் அச்சரிவில் வடக்கு நோக்கி வருகின்றன. மழைநீரையும் வாய்க்கால் நீரையும் தேக்கும் குளங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் அமைந்துள்ளன. மேற்குளத்தின் போக்கு கீழ்க்குளத்தின் வரத்து. மேற்கிலிருந்து கிழக்காக வளைந்து செல்லும் எந்தச் சாலையும் இச்சரிவைக் குறுக்கே வெட்டியே செல்லும். திட்டமிட்ட நேர்ப்பாடு அதற்கும் மேலே சென்று, பல குளங்களின் நீர்ப்பரப்பினூடாகவே அமைந்தது.

ஏன் குளத்தினூடாக? இதற்கு ஆவணங்களைவிட நில நிர்வாக முறையே தெளிவான விடை தருகிறது. பட்டா நிலத்தை எடுக்க வேண்டுமாயின் உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டும், விலை நிர்ணயிக்க வேண்டும், வழக்கை எதிர்கொள்ள வேண்டும். குளத்தின் நீர்ப்பரப்போ அரசுப் புறம்போக்கு. அங்கு வீடில்லை, ஆண்டில் பாதி நாள் அது வறண்ட வெளியாகவே கிடக்கும், வரைபடத்தில் தடையற்ற வெண்பரப்பாகத் தோன்றும். நான்கு படிகளுள் எந்தப் படியிலும் அப்பரப்பிலிருந்து ஒரு பயணமும் எழுவதில்லை. பயணம் எழாத மண்டலம் ஆய்வுக்கு வெற்றிடம். அந்நீரை நம்பிய ஆயக்கட்டு வேறோர் ஊரில், வேறொரு துறையின் பதிவேட்டில் இருக்கிறது.

நீர்ப்பரப்பின் நடுவே மண்கரை எழுப்பிச் சாலை போடின் குளம் இரண்டாகிறது. கரை நிரப்பிய மண்ணின் அளவுக்குக் கொள்ளளவு குறைகிறது. இடையே வைக்கும் சிறுபாலங்கள் நீரை விடும். ஆனால் மழை ஒரே இரவில் கொட்டும்போது வேண்டிய விரைவில் விடுமா என்பது வேறு. இவ்வச்சம் கற்பனையாக எழுந்ததன்று. 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் கோரையாறு, குடமுருட்டி ஆகியவற்றில் பெருகிய வெள்ளம் திருச்சியின் குடியிருப்புகளுக்குள் புகுந்ததை நகரம் கண்டது. மேட்டிலுள்ள குளங்கள் நீரைத் தாங்கி நிறுத்தும் அளவும் தாழ்விலுள்ள நகரின் பாதுகாப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையன. சாலை காக்க விரும்பிய நகரையே குளங்களும் காத்துவந்தன.

உழவர்கள் எதிர்த்தனர். சிக்கல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைவரை சென்றது. ஏரி குளங்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் தமிழ்நாடு அரசு 2007இல் சட்டம் இயற்றியிருந்தது. குளத்தில் குடிசை போட்ட ஏழையை அகற்றும் சட்டம் உள்ள மாநிலத்தில், அரசின் சாலையே குளத்துக்குள் வரலாமா என்பது எளிய கேள்வி. விடைதான் எளிதாக வரவில்லை. பல ஆண்டுகள் வெறும் மண்கரைகளும் முடிவுறாத பாலத் தூண்களும் வெயிலில் நின்றன. குளத்தின் மேல் சில இடங்களில் கரைக்குப் பதிலாகப் பாலம் அமைத்தல், இழக்கும் கொள்ளளவுக்கு ஈடாகக் குளத்தை ஆழப்படுத்துதல் ஆகிய வழிகளைச் சார்ந்தே பின்னர் பணி நகர்ந்தது. கிழக்குப் பகுதி முதலில் முன்னேறிப் பயன்பாட்டுக்கு வந்தது. ஜீயபுரத்தை நோக்கிய மேற்குப் பகுதி பின்தங்கியது.

ஆழப்படுத்துதல் என்னும் ஈட்டைப் பற்றி ஒரு சொல். கன அளவில் அக்கணக்கு சரியாகவே இருக்கும். ஒரு பக்கம் குறைந்ததை மறுபக்கம் தோண்டி நிரப்பிவிடலாம். ஆனால் மடையின் மட்டத்துக்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அது நிலத்தடிக்கும் மீனுக்கும் கால்நடைக்கும் பயன்படலாம். ஆயக்கட்டுக்கு நேரடியாகப் பயன்படுவது மடைமட்டத்துக்கு மேல் நிற்கும் நீரே. கன மீட்டரில் ஒன்றான இரண்டு நீர்கள் பாசனத்தில் ஒன்றல்ல. குளத்துக்கு நீர் பாய்ச்சும் மடைக்காரர் இதனை அறிவார். அவரிடம் கேட்கும் படிவம் எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறவில்லை.

வியப்புக்குரிய ஒரு தற்செயலையும் இங்குச் சுட்டலாம். இந்த அரைவட்டத்தை ஒட்டி நகரின் உயர்கல்வி நிறுவனங்கள் வரிசையாக அமைந்துள்ளன. துவாக்குடியில் தேசியத் தொழில்நுட்பக் கழகம். புதுக்கோட்டைச் சாலையில் 1982இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம். திண்டுக்கல் சாலைப் பக்கம் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும். மேற்கே தாயனூர்ப் பகுதியில் 1993இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம். சாலைப் பொறியியல், சமூக அறிவியல், பாசனம், சட்டம், அப்பகுதியின் தலையாய பயிர் ஆகிய ஐந்தையும் அறிந்தோர் ஒரே சாலையின் ஓரத்தில் இருக்கின்றனர். அவர்கள் ஒரே மேசையில் அமர்ந்திருந்தால் நேர்ப்பாடு மாறியிருக்குமா என்று ஊகிப்பது வரலாற்றின் வேலையன்று. ஆனால் நகர்ப் போக்குவரத்து ஆய்வு என்பது பொறியியல் துறைக்குள் மட்டும் அடங்கும் என்ற பாடத்திட்டப் பிரிவினை, அம்மேசையைத் தேவையற்றதாக்கியது எனக் கூறுவதில் தவறில்லை.

பஞ்சப்பூருக்குப் பின்

திருச்சிராப்பள்ளி 1994இல் திருவரங்கம், பொன்மலை நகராட்சிகளை இணைத்துக்கொண்டு மாநகராட்சியாயிற்று. ஆற்றின் இரு கரைகளும் இருப்புப்பாதைக் குடியிருப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஜீயபுரம் வெளியே நின்றது. மெட்ரோ இரயிலுக்கான சாத்தியக்கூற்று ஆய்வு சமயபுரத்திலிருந்து வயலூருக்கும், துவாக்குடியிலிருந்து பஞ்சப்பூருக்குமாக இரு வழித்தடங்களை முன்வைத்தது. கரூர்ச் சாலை அவற்றில் இல்லை.

2025 மே மாதத்தில் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்துவைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூலையில் செயற்பாட்டுக்கு வந்தது. மத்தியப் பேருந்து நிலையத்தின் நெரிசல் நெடுநாளைய சிக்கல். அதற்கு இது உண்மையான தீர்வாகலாம். ஆயினும் முனையத்தின் இருப்பிடமே அரைவட்டச் சாலை முழுமை பெறும் என்னும் எதிர்பார்ப்பைச் சார்ந்தது. மேற்குப் பகுதி முடியாதவரை, கரூர்த் திசையிலிருந்து வருவோர் ஆற்றங்கரைச் சாலையில் நகருக்குள் வந்து, நகரைக் கடந்தே தெற்கே செல்ல வேண்டும். குளத்தினூடாகப் போட்ட கோடு நின்றபோது, அக்கோட்டின் மேல் கட்டிய ஏனைய கணக்குகளும் காத்திருக்க நேர்ந்தது.

திருச்சியின் நகரப் பேருந்துச் சேவையில் அரசுக் கழகத்தோடு தனியார் பேருந்துகளும் ஓடுகின்றன. தமிழ்நாட்டின் பல நகரங்களில் மறைந்துவிட்ட ஏற்பாடு இது. 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. தனியார் பேருந்துக்கு அது பொருந்தாது. ஆகவே ஒரே நிறுத்தத்தில் நிற்கும் பெண்ணுக்கு, முதலில் வருவது எந்தப் பேருந்து என்பது செலவையும் நேரத்தையும் ஒருங்கே முடிவுசெய்கிறது. பயணமுறைத் தெரிவு என்று நான்கு படிகளில் மூன்றாவதாக வரும் கணக்கில் ‘பேருந்து’ என்ற ஒரே கட்டத்துக்குள் இவ்விரண்டும் அடங்கிவிடுகின்றன.

ஜீயபுரத்திலிருந்து மதுரைக்குச் செல்ல விரும்பும் ஒருவர் முதலில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வருகிறார். அங்கிருந்து மற்றொரு பேருந்தில் பஞ்சப்பூர் செல்கிறார். சத்திரத்துக்கு வரும்போது சன்னலுக்கு வடக்கே காவிரி தெரியும். பஞ்சப்பூர் செல்லும் வழியில் உய்யக்கொண்டானை ஒரு சிறு பாலத்தின் மேல் கடக்கிறார். பேருந்து அவ்விடத்தில் வேகம் குறைப்பதில்லை.